சீட்டு வாங்கியவர் சிகிச்சைக்குப் போனாரா?

பெரிய முதலியார்சாவடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்று பேருந்து ஏறினால், இடையில் ஒரு வண்டி மாறினாலும், ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய்விடலாம். மண்டலப் புற்றுநோய் மையம் அங்கேதான் இருக்கிறது. வடக்கே காலாப்பட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி, மேற்கே முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. பெரிய ஆஸ்பத்திரிகள் இவ்வளவு பக்கத்தில் வாய்த்த கடற்கரைக் கிராமங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஆனாலும் இந்தியாவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு மருத்துவமனைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். முதலியார்சாவடியில் தொடங்கி பொம்மையார்பாளையம், கூனிமேடு, அனுமந்தை தாண்டி மரக்காணம் உப்பளம்வரை நீளும் இந்தக் கரை மட்டும் அதற்கு விலக்கு என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

ஆஸ்பத்திரி தொலைவில் இருப்பது இங்கே பிரச்சினை இல்லை. ஒரு பெண் சோதனைக்குப் போவதற்கும், சோதனையில் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்த சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கும், சிகிச்சையை முழுதாக முடிப்பதற்கும், முடித்துத் திரும்பிய பிறகு பிழைப்பைத் தொடர்வதற்கும் நடுவே இருக்கும் இடைவெளிகள்தான் பிரச்சினை. இந்த இடைவெளிகளில் அவளோடு கூட நடக்க அரசு ஒருவரை நியமிக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் கோரிக்கை அதுதான்.

முதலில் நோயைப் பற்றி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தத் தொற்று வந்து போகும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதைத் துரத்திவிடும். யாரோ சிலருக்கு மட்டும் அது போகாமல் தங்கி, கர்ப்பப்பை வாயின் செல்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றச் சாதாரணமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எனவே இந்த நோய் வந்தவரின் நடத்தையைப் பற்றிப் பேச யாருக்கும் இதில் இடமில்லை. கணவன் ஒருவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் இது வரும். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இந்தப் பேச்சுக்குப் பயந்தே சோதனைக்குப் போகாதவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான்.

அந்தப் பதினைந்து, இருபது ஆண்டுகள்தான் இந்த நோயில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. அந்தக் காலம் முழுதும் வலி இருக்காது, உதிரப்போக்கு இருக்காது, வேலைக்குப் போக முடியும். ஆகவே 'எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் போகணும்?' என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். ஒன்றும் இல்லாதபோது போவதற்குத்தான் இந்தச் சோதனை. மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி ரத்தம் படுவது, உறவுக்குப் பின் ரத்தம் படுவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது என்று அறிகுறி தெரிந்த பிறகு போனால் அது முன்கூட்டிய சோதனை ஆகாது. அப்போதும் போகத்தான் வேண்டும், அன்றைக்கே போக வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்கு இப்படி ஒற்றைக் காரணம் கிடையாது. வயது, உடற்பருமன், மது, குடும்ப வரலாறு என்று பல சேர்ந்து வாய்ப்பைக் கூட்டுகின்றன. பரம்பரையாக மட்டும் வருவது நூறில் ஐந்து முதல் பத்துவரைதான். அதனால் 'எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை' என்பது பாதுகாப்பு ஆகாது. மார்பில் தட்டுப்படும் கட்டி வலிக்கவில்லை என்பதும் ஆறுதல் ஆகாது. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

உப்பும் கருவாடும் புழங்கும் இந்தக் கரையில் எழக்கூடிய இன்னொரு கேள்வி: உப்பளத்தில் நிற்பதால் வருமா, கருவாடு தின்பதால் வருமா? உப்பள வெயிலும் வெண்மையின் கூச்சமும் கண்ணையும் தோலையும் கெடுக்கும், அதற்குக் கண்ணாடியும் செருப்பும் தர வேண்டியது முதலாளிகளின் கடமை. உப்பில் ஊறிய உணவை அளவுக்கு மீறி உண்பவர்களுக்கு வயிற்றுப் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் குழம்பில் எப்போதாவது போடும் இரண்டு துண்டு கருவாட்டையும், கன்னத்தில் நாளெல்லாம் அடக்கி வைக்கும் புகையிலையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையைவிடப் பெரிய காரணம் நம் ஊரில் இல்லை. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை இருக்கிறது. பெட்டிக்கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

சரி, கர்ப்பப்பை வாய்ச் சோதனை பலன் தருமா? இதற்கு உலகத்துக்கே பதில் சொன்னவை தமிழ்நாட்டுக் கிராமங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய நல மையமும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000இல் ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயதுவரையிலான 49,311 பெண்கள் ஒரு பிரிவில் இருந்தார்கள். அவர்களில் 31,343 பேர் சோதனைக்கு வந்தார்கள். சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். காடிபோன்ற அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து, பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறத் தொடங்கிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆய்வகம் வேண்டாம், அறிக்கைக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். வெளுப்புத் தெரிந்தவர்களில் தகுதியானவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரூட்டி உறைய வைக்கும் சிகிச்சையையும் செவிலியர்களே செய்தார்கள்.

2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. ஒரே ஒரு முறை செய்த சோதனையால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கால் பங்கு குறைந்தது, அதனால் நேரும் மரணம் 35 விழுக்காடு குறைந்தது. பெரிய இயந்திரங்கள் இல்லாமல் ஒரு செவிலியரின் கையும் கண்ணும் இவ்வளவு உயிரைக் காக்க முடியும் என்று உலகம் அப்போதுதான் முதன்முறையாகக் கணக்கோடு பார்த்தது.

அந்த ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட 30,958 பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவம் மட்டுமே கிடைத்தது. அந்தப் பிரிவில் 92 பேர் இந்த நோயால் இறந்தார்கள். கர்ப்பப்பை வாய்ச் சோதனை பொதுவாகப் பலன் தரும் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தபோது இத்தனை பேரை அப்படி விட்டது சரியா என்ற கண்டனம் பின்னால் எழுந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. அந்தப் பெண்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை, அவர்கள் வழியாகத் தெரிந்துகொண்டதை எல்லா ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அடைக்க முடியும். நாம் அடைத்தோமா? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 30 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 9.8 விழுக்காடு. மார்பகப் பரிசோதனை 5.6 விழுக்காடு. நாட்டில் இதுவே நல்ல நிலை என்று சொல்லித் திருப்திப்படலாம். நூறில் தொண்ணூறு பேர் விடுபட்டிருக்கிறார்கள் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவதாகத்தான் படிக்கிறேன்.

திண்டுக்கல் ஆய்வில் அதிகம் பேசப்படாத ஓர் எண் இருக்கிறது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 72 விழுக்காடு. வீடு தேடிப் போய் அழைத்து வரக் களப்பணியாளர்கள் இருந்த ஓர் ஆய்விலேயே நூற்றுக்கு 28 பேர் நழுவிவிட்டார்கள். களப்பணியாளர் இல்லாமல், ஒரு முகாமில் சீட்டு எழுதிக் கொடுத்து 'ஜிப்மர் போய்க் காட்டுங்கம்மா' என்று சொல்லி அனுப்பினால் எத்தனை பேர் போவார்கள்?

மீன் விற்கும் பெண்ணின் நாளைப் பாருங்கள். விடியும்போது படகு கரை சேரும். ஏலத்தில் நின்று மீன் எடுத்து, ஐஸ் போட்டு, அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோ பிடித்துப் புதுச்சேரித் தெருக்களுக்குப் போக வேண்டும். காலை எட்டு மணி முதல் மதியம்வரைதான் வியாபாரம். அதற்குப் பிறகு மீன் விலை இறங்கும். ஏலக்காரருக்கு அன்றைக்கே பணம் கட்ட வேண்டும். மருத்துவ முகாமோ காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும். உப்பளப் பெண்ணும் இருட்டோடு பாத்திக்குப் போனால்தான் வெயில் ஏறுவதற்குள் உப்பு சுமந்து முடிக்கலாம். இவர்களிடம் 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதுவது எளிது. இவர்களுக்கு இல்லாதது கூலி போகாத ஒரு காலை நேரம்.

எல்லைச் சிக்கல் வேறு. இந்தச் சாலையில் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். முதலியார்சாவடி தமிழ்நாடு, காலாப்பட்டு புதுச்சேரி, கனகசெட்டிக்குளம் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. நோயாளிக்கு அது ஒரே சாலை. பதிவேட்டுக்கு இரண்டு அரசுகள், அதோடு மத்திய அரசின் கையில் இருக்கும் ஜிப்மர். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கிய பெண் கோரிமேட்டில் போய்க் காட்டினாரா இல்லையா என்பதைச் சீட்டு எழுதிய சிஸ்டருக்கு யார் சொல்வது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அந்த வாசல்வரை வந்த ஊழியரிடம் சீட்டு வாங்கிய பெண்களின் பட்டியலையும் கொடுத்தால் என்ன?

சிகிச்சைக்கு வருவோம். நோய் தொடக்க நிலையில் இருந்தால் அறுவை சிகிச்சையோடு முடியலாம். கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவத் தொடங்கியிருந்தால் கதிர்வீச்சும் அதோடு சேர்த்துக் கீமோவும். நம் மக்கள் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வது இந்தக் கதிர்வீச்சைத்தான். மின்சாரம் எதுவும் பாய்வதில்லை, வைக்கும்போது வலிப்பதும் இல்லை. வாரத்தில் ஐந்து நாளாக ஐந்து வாரம் வெளியிலிருந்து வைப்பார்கள், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து ஏற்றுவார்கள், பிறகு கர்ப்பப்பை வாய்க்குள்ளேயே கருவியை வைத்துச் சில முறை கதிர் கொடுப்பார்கள். கதிர்வீச்சோடு கீமோவைச் சேர்த்துக் கொடுத்தால் கூடுதலானோர் பிழைக்கிறார்கள் என்பது 1999இல் உறுதிப்பட்டது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இவை எல்லாம் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தடித்தால் பலன் குறையும். ஊர்த் திருவிழா, மகள் பிரசவம், பேருந்துக் காசு இல்லை என்று விடும் ஒவ்வொரு நாளும் நோய்க்குச் சாதகமாகப் போகிறது. நடுவில் ரத்தப்போக்கு நின்றுவிடும். 'சரியாயிடுச்சு' என்று நின்றுவிடுகிறவர்கள் உண்டு. உள்ளே வைக்கும் கதிர்தான் நோயை வேரோடு எரிப்பது. அதை விட்டால் முன்னே வைத்ததன் பலன் பெரும்பகுதி வீண். ரத்தசோகை இருந்தாலும் கதிரின் வேகம் மட்டுப்படும். எனவே கீரையும் முட்டையும் மீனும் சிகிச்சையில் சேர்ந்தவைதான். 'நோய்க்காரி மீன் தின்னக் கூடாது' என்று மீனவர் வீட்டிலேயே பத்தியம் போடுவதை நிறுத்துங்கள். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பயமும் அப்படியே. கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்காமல் எது எந்த நிலை என்று சொல்ல முடியாது. பயாப்ஸியால் நோய் பரவியது என்று சொல்கிறவர்கள், அது எத்தனை மாதம் தள்ளிப்போட்ட பயாப்ஸி என்று சொல்வதில்லை.

முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. நல்ல திட்டம். ஆனால் எட்டு வாரக் கூலி இழப்பையும், கூட வரும் மகளோ மருமகளோ விட்டுப்போகும் வேலையையும் எந்த அட்டையும் ஏற்பதில்லை. பாதியில் நிற்கிறவர்களைத் தடுக்க வேண்டுமானால், சிகிச்சை முடியும்வரை வாரா வாரம் ஒரு தொகையை அந்தப் பெண்ணின் கணக்கில் போட வேண்டும். காசநோயாளிகளுக்கு மத்திய அரசு சத்துணவுக்குப் பணம் தருகிறது. இவர்களுக்கு ஏன் தரக் கூடாது?

சிகிச்சை முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் நம் ஊரில் மிகக் குறைவாகப் பேசுகிறோம். 'பிழைத்துவிட்டாள்' என்பதோடு கதை முடிந்ததாக நினைக்கிறோம். கதிர்வீச்சுக்குப் பிறகு பிறப்புறுப்பின் பாதை சுருங்கும். மருத்துவர் கொடுக்கும் விரிப்பான் கருவியைப் பயன்படுத்தினால் பெருமளவு தவிர்க்கலாம். ஆனால் கூட்டம் நெரியும் வெளிநோயாளிப் பிரிவில், ஆண்கள் நிற்கும் இடத்தில், இதை யார் யாரிடம் கேட்பது? முப்பத்தைந்து வயதிலேயே மாதவிலக்கு நின்று உடம்பு கொதிக்கும், எலும்பு தேயும். சில ஆண்டுகள் கழித்து மலத்தில் ரத்தம் வரலாம். அது நோய் திரும்பியதாகவும் இருக்கலாம், கதிரின் பின்விளைவாகவும் இருக்கலாம், மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கணவன் 'ஒட்டிக்கொள்ளும்' என்று தனிப்பாய் போடுகிறான். புற்றுநோய் ஒட்டாது. அதை அவனை உட்கார வைத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், மனைவியைச் சொல்லச் சொல்வது கொடுமை.

மார்பக அறுவையில் அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளை எடுத்த பெண்ணின் கதை இன்னொரு விதம். அந்தப் பக்கத்துக் கையில் நிணநீர் வடிய வழி குறைந்து கை வீங்கலாம். நகரத்துப் பெண்ணுக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாளில் 'கனமான பையைத் தூக்காதீர்கள், கையில் காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று இருக்கும். நம் பெண்ணின் பிழைப்பே கூடை தூக்குவதும் அரிவாள்மனையில் மீன் அரிவதும்தான். சங்கரா முள் விரலில் குத்தாத நாள் உண்டா? உப்பளத்தில் விரல் வெடிப்பில் உப்புநீர் ஏறாத நாள் உண்டா? அந்தக் கையில் ஒரு சிறு கீறல் சீழ் பிடித்துக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். மீன் அரியும்போது தடித்த ரப்பர் கையுறை போட வேண்டும், அன்றன்றே காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சொல்லிக் கொடுத்த கைப்பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும். இதையெல்லாம் மீன் விற்கும் பெண்ணின் மொழியில், அவளது தொழிலைப் பார்த்துவிட்டு எழுதிய ஒரு தாள் நம்மிடம் வேண்டும்.

எல்லோரும் பிழைக்க மாட்டார்கள். முற்றிய நிலையில் வருபவருக்கு வலி நீக்க மார்ஃபின் இருக்கிறது, ரத்தப்போக்கை நிறுத்தக் குறைந்த நாள் கதிர்வீச்சு இருக்கிறது. 'இனி ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்' என்ற சொல்லை எந்த மருத்துவரும் சொல்லக் கூடாது. செய்ய எப்போதும் ஏதோ ஒன்று இருக்கிறது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பன்னிரண்டு படுக்கைகளோடு அது தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை, சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது நடக்க இன்று தடுப்பூசியும் சேர்ந்திருக்கிறது. 14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசியைப் படிப்படியாகப் போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. வரவேற்கிறேன். ஆனால் தொற்று வருவதற்கு முன்னால் போட்டால்தான் அந்த ஊசி முழுப் பலன் தரும். அது மகளைக் காப்பாற்றும். அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கூடையோடு கிளம்பும் அம்மாவைக் காப்பாற்றச் சோதனை ஒன்றுதான் வழி.

ஐப்பசி மழையில் உப்பளப் பாத்திகள் மூழ்கும். வேலை இல்லாத அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அந்த வாரங்களில் மரக்காணத்திலேயே பெண் செவிலியர்களை வைத்துச் சோதனை நடத்தட்டும். மீனவக் கிராமங்களில் மாலை நான்கு மணிக்கு மேல், வியாபாரம் முடிந்து பெண்கள் ஊர் திரும்பிய பிறகு நடத்தட்டும். மாற்றம் தெரிந்தவருக்குத் திண்டுக்கல்லில் செய்ததுபோல அன்றைக்கே, அங்கேயே சிகிச்சை தரட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலை ஒரே ஒரு செவிலியர் கையில் கொடுத்து, ஜிப்மரோடு தொலைபேசியில் பேசும் பொறுப்பையும் அவரிடமே விட்டு, கடைசிப் பெயர் சிகிச்சை முடிக்கும்வரை அவரை இடமாற்றம் செய்யாதிருக்கட்டும்.

ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். கடலில் காணாமல் போன படகைத் தேட ஊரே இறங்குகிறது. வீட்டில் முப்பது வயது தாண்டிய பெண்கள் சோதனைக்குப் போகும் அன்று கரையில் ஏலத்தை ஒரு நாள் நிறுத்தி வையுங்கள்.